ஜெயித்த இரவில் என்ன செய்தான்?

சென்ற இதழில் ஒரு வாசகருக்குப் பதில் சொல்லும்போது, போகிற போக்கில் "நானும் பதினோரு வருஷம் காசு வைத்துச் சீட்டாடியவன்தான்" என்று எழுதிவிட்டேன். அந்த ஒரு வரிக்கு வந்த கடிதங்கள் இந்த இதழ் முழுவதையும் பிடித்துக்கொண்டன. புதுப்படங்களைப் பற்றிக் கேட்டவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளுங்கள். இன்று சூதாட்டப் படங்கள் மட்டும்.

கேள்வி: நீங்கள் சொன்னீர்களே என்று 'கலிபோர்னியா ஸ்ப்ளிட்' பார்த்தேன். இரண்டு சூதாடி நண்பர்கள் கடைசியில் பெரிய தொகை ஜெயிக்கிறார்கள். ஆனால் ஒருவன் முகம் செத்துப்போய்க் கிடக்கிறது. ஜெயித்தவன் ஏன் அப்படி உட்கார்ந்திருக்கிறான்? இது நல்ல முடிவா, சோக முடிவா?

1974இல் ராபர்ட் ஆல்ட்மன் எடுத்த படம். ஜார்ஜ் சீகல், எலியட் கூல்ட் இருவரும் ரினோ நகரத்துக்குப் போய் 82,000 டாலர் அள்ளுகிறார்கள். கூல்ட் துள்ளுகிறார். சீகல் ஒதுக்குப்புறமாகப் போய் உட்கார்ந்துவிடுகிறார். தனியாக ஒரு உணர்வும் வரவில்லை என்கிறார். அப்புறம் வீட்டுக்குப் போகிறேன் என்று கிளம்பிவிடுகிறார். அவ்வளவுதான் படம்.

சூதாட்டப் படம் எது வந்தாலும் நான் ஒரே ஒரு இடத்தைத்தான் கவனிப்பேன்: ஜெயித்தவுடன் ஆள் என்ன செய்கிறான்? தோற்பதை எடுக்க யாராலும் முடியும். மழையில் நடக்க விடலாம், கண்ணாடியைக் குத்தி உடைக்க விடலாம், பின்னணி இசை பார்த்துக்கொள்ளும். ஜெயித்த ஆளை எடுப்பதில்தான் இயக்குநருக்கு விஷயம் தெரியுமா தெரியாதா என்பது வெளியே வரும்.

என் கதையையே சொல்கிறேன். ஒரு சனிக்கிழமை இரவு எனக்குச் சீட்டு விழுந்துகொண்டே இருந்தது. எந்தக் கையைப் பிரித்தாலும் ஜோக்கர். விடியும்போது என் இரண்டு மாதச் சம்பளம் சட்டைப்பையில் இருந்தது. வீட்டுக்கு வந்தேன். கதவைத் திறந்த மனைவி என் முகத்தைப் பார்த்தாள். நான் சொன்னது என்ன தெரியுமா? "கொஞ்சம் போச்சு." ஜெயித்த அன்றைக்குத் தோற்றதாகப் பொய் சொன்னேன். ஏனென்றால் உண்மையைச் சொன்னால் அந்தப் பணம் வீட்டுப் பணமாகிவிடும். வாடகை, பள்ளிக் கட்டணம் என்று அதற்கு ஒரு ஊர்பேர் வந்துவிடும். அப்புறம் நாளைக்கு எதை வைத்து ஆடுவது? துணிப்பெட்டியின் அடியில் விரித்திருந்த பழைய செய்தித்தாளுக்குக் கீழே ஒளித்து வைத்தேன். மூன்று நாளில் கரைந்தது. தீர்ந்துபோன அன்று, நம்புங்கள், எனக்கு லேசாக ஒரு நிம்மதி வந்தது.

சூதாடிக்குப் பணம் என்பது பொருள் வாங்குவதற்கு இல்லை. தொடர்ந்து உட்கார்ந்திருப்பதற்கான அனுமதிச் சீட்டு. சீகலின் முகத்தில் இருப்பது, அந்த அனுமதிச் சீட்டைக் கை நிறைய வைத்துக்கொண்டு, இனிமேல் எதற்கு உட்கார வேண்டும் என்று தெரியாமல் போன ஆளின் முகம். நல்ல முடிவா என்றால், எழுந்து போகிறானே, அந்த அளவுக்கு நல்ல முடிவு.

'அன்கட் ஜெம்ஸ்' (2019) பார்க்காதவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடுங்கள். ஆடம் சாண்ட்லர் நடித்த அந்த நகைக்கடைக்காரன் கடைசிப் பந்தயத்தில் ஜெயிக்கிறான். கடன் கேட்டு வந்தவர்களைக் கண்ணாடிக் கதவுகளுக்கு நடுவே அடைத்துவைத்து, அவர்களையும் கூடப் பார்க்கவைத்து ஜெயிக்கிறான். கதவைத் திறந்துவிட்ட நொடியில் சுடப்படுகிறான். படம் பார்த்த என் நண்பர், "தோற்றுப்போய்ச் செத்திருந்தாலாவது மனசு ஆறியிருக்கும்" என்றார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவன் உயிரோடு இருந்திருந்தால் ஜெயித்ததை மறுநாளே வேறொரு ஆட்டத்தில் வைத்திருப்பான். அது எழுதியவர்களுக்கும் தெரிந்திருக்கிறது.

கேள்வி: 'ஓனிங் மஹோனி' என்ற படத்தைப் பலரும் புகழ்கிறார்கள். எனக்குத் தூக்கம் வந்தது. நாயகன் முகத்தில் ஒன்றுமே இல்லையே?

அந்த ஒன்றுமில்லாததுதான் சார் நடிப்பு. பிலிப் சீமூர் ஹாஃப்மன் நடித்து 2003இல் வந்தது. டொரண்டோவில் நிஜமாக நடந்த கதை. 1980களின் தொடக்கத்தில் ஒரு இளம் வங்கி அதிகாரி, இல்லாத ஆட்கள் பேரில் கடன் எழுதி, ஒன்றரை வருஷத்துக்குள் ஒரு கோடி டாலருக்கு மேல் எடுத்து ஆடித் தீர்த்தார். 1982இல் பிடிபட்டார். ஆறு வருடத் தண்டனை.

இத்தனை பணம் புழங்குகிற ஆள் மலிவான கோட்டு, ஓட்டைக் கார் என்றே திரிகிறான். சூதாட்ட விடுதிக்காரர்கள் ராஜ உபசாரத்துக்குத் தயாராக நிற்கிறார்கள். என்ன வேண்டும் என்று கேட்டால், சாஸ் இல்லாமல் விலா எலும்புக் கறியும் ஒரு கோக்கும் கேட்கிறான். குடி இல்லை, பெண் இல்லை, ஆடம்பரம் இல்லை. படத்திலேயே எனக்குப் பயம் தந்த இடம் அதுதான். ஒரு மனிதனிடமிருந்து மற்ற எல்லா ஆசையையும் இந்த ஒன்று துடைத்து எடுத்துவிட்டது. சாப்பாட்டில்கூட ருசி இல்லை. அதைக் கத்தாமல், அழாமல் நடித்துக் காட்டுவது எவ்வளவு கஷ்டம் என்று யோசியுங்கள்.

கடைசியில் மனநல நிபுணர் கேட்கிறார்: சூதாட்டத்தில் கிடைத்த கிளர்ச்சிக்கு நூற்றுக்கு எவ்வளவு போடுவாய்? நூறு. அதற்கு வெளியே வாழ்க்கையில் கிடைத்த அதிகபட்சம்? இருபது. மீதி ஆயுளை இருபதோடு ஓட்ட முடியுமா? கொஞ்சம் யோசித்து, முடியும், இருபது பரவாயில்லை என்கிறான்.

நான் விட்டுவிட்ட பிறகு முதல் ஒரு வருஷம் அந்த இருபதில்தான் இருந்தேன். நல்ல சாப்பாடு இருபது, பிள்ளை முதல் பரிசு வாங்கியது இருபது. வெட்கமாக இருக்கும், வெளியே சொல்ல முடியாது. அந்தக் காட்சியைப் பார்த்த பிறகுதான் இது எனக்கு மட்டும் வந்த நோய் இல்லை என்று தெரிந்தது. உங்களுக்குத் தூக்கம் வந்ததில் எனக்குச் சந்தோஷம். உங்களுக்கு இந்தப் படம் தேவைப்படவில்லை.

கேள்வி: தோற்கத் தோற்க ஆசை குறையத்தானே வேண்டும்? படங்களில் எல்லாம் இழந்தவன் மறுபடி கடன் வாங்கி ஓடுவது மிகையாகத் தெரிகிறது.

'இழத்தொறூஉம் காதலிக்கும் சூதேபோல்' என்று ஒரு குறள் இருக்கிறது. 'சூது' அதிகாரத்தின் கடைசிக் குறள், 940. தோற்கத் தோற்கக் காதல் கூடும் என்கிறார். எனக்கு அதில் ஆச்சரியம் வேறு. அங்கே அவர் விளக்க வருவது சூதை அல்ல, துன்பப்படப் பட உடம்பின் மேல் உயிருக்குக் கூடுகிற ஆசையை. அதற்குச் சூது வெறும் உவமை. அதாவது, கேட்பவனுக்கு இது நன்றாகத் தெரிந்த விஷயம் என்று எடுத்துக்கொண்டு மேலே போய்விடுகிறார்.

ஆட்டக்காரர்கள் பேச்சில் இதற்குப் பெயர் 'விட்டதைப் பிடிப்பது'. மருத்துவர்கள் 2013இல் வந்த அமெரிக்க மனநோய்க் கையேட்டில் சூதாட்டத்தைக் குடி, போதைப் பொருள் இருக்கும் அதே பிரிவில் சேர்த்துவிட்டார்கள். ஒன்பது அறிகுறிகள் சொல்கிறார்கள். ஒரு வருஷத்துக்குள் நாலு இருந்தாலே நோய்தான். அந்த ஒன்பதில் ஒன்று, விட்டதைப் பிடிக்க மறுநாள் திரும்பிப் போவது. நான் எண்ணிப் பார்த்தபோது எனக்கு எட்டு இருந்தது. அதனால் மிகை என்று சொல்லாதீர்கள்.

கேள்வி: தருமனைச் சூதாட்ட அடிமை என்று சொல்லலாமா? தர்மத்தின் தலைவனாயிற்றே.

முதல் ஆட்டத்தை மட்டும் பார்த்தால் வாதாடலாம். மாமன் சகுனியின் பகடை, மறுக்க முடியாத அழைப்பு, க்ஷத்திரிய மரியாதை என்று ஆயிரம் சாக்கு இருக்கிறது. நாடு, தம்பிகள், தான், பாஞ்சாலி என்று வரிசையாக வைத்துத் தோற்றான், சரி.

ஆனால் அதற்கப்புறம் நடப்பதைப் பெரும்பாலான நாடகங்களும் படங்களும் அவசரமாகக் கடந்துவிடுகின்றன. திருதராட்டிரன் எல்லாவற்றையும் திருப்பிக் கொடுத்துவிடுகிறான். நாடு கைக்கு வந்துவிட்டது, ஊருக்குக் கிளம்பியாயிற்று. வழியிலேயே ஆள் வருகிறது, இன்னும் ஒரே ஒரு ஆட்டம் என்று. தருமன் திரும்பிப் போகிறான்! சபையில் அத்தனை அவமானத்தைப் பார்த்த பிறகு, அதே ஆளோடு, அதே பகடையில். வனவாசம் வந்தது அந்த இரண்டாவது ஆட்டத்தில்தான். இதைவிட அச்சாகச் சூதாடியை யாரும் எழுதியதில்லை.

இன்னும் ஒன்று. காட்டில் உட்கார்ந்து, என்னைவிடத் துர்ப்பாக்கியசாலி உண்டா என்று முனிவரிடம் புலம்புகிறான். அவர் சூதில் நாடிழந்த நளன் கதையைச் சொல்கிறார். கதையைக் கேட்டு முடித்தவன் அந்த முனிவரிடமே பகடையின் சூட்சுமத்தைக் கற்றுக்கொள்கிறான். மறைந்து வாழ்கிற வருஷத்தில் எந்த வேலையைத் தேர்ந்தெடுக்கிறான்? விராடனோடு பகடை ஆடுகிற கங்கன். பீமன் சமையலுக்குப் போனான், அர்ச்சுனன் நடனம் சொல்லிக்கொடுக்கப் போனான், அண்ணன் ஆடப் போனார். அந்தத் தருமனை வைத்து யாராவது படம் எடுத்தால் முதல் காட்சிக்கே வருவேன்.

கேள்வி: ரூலெட் சக்கரத்தில் சிவப்பே தொடர்ந்து வந்தால் அடுத்தது கறுப்பு என்று நாயகன் கணக்குப் போட்டு ஜெயிப்பதாக ஒரு படத்தில் பார்த்தேன். நிஜமாகவே அப்படி வழி உண்டா?

இல்லை. 1913இல் மான்டி கார்லோ சூதாட்ட விடுதியில் பந்து 26 முறை தொடர்ந்து கறுப்பிலேயே விழுந்தது. பத்து, பதினைந்து தடவை ஆனதுமே, இனி சிவப்புதான் என்று கூட்டம் பணத்தைக் கொட்டிக் கெட்டது. பந்துக்கு ஞாபகசக்தி கிடையாது. ஐரோப்பியச் சக்கரத்தில் 37 குழிகள், ஒரு எண்ணில் ஜெயித்தால் தருவது 35 மடங்கு. அந்த இடைவெளி எப்போதும் விடுதிக்காரனுக்கு. கணக்கு இவ்வளவுதான், மிச்சமெல்லாம் திரைக்கதை.

கேள்வி: போனில் சீட்டாடிக் கடனாளியான ஒருவனைப் பற்றிக் குறும்படம் எடுக்கிறேன். மேஜை இல்லை, புகை இல்லை, எதிரே ஆட்கள் இல்லை. காட்சியாக எதைக் காட்டுவது என்றே புரியவில்லை.

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். நல்ல இடத்தில் மாட்டியிருக்கிறீர்கள். பழைய படங்களுக்கு மேஜை ஒரு வரப்பிரசாதம். எதிரே வில்லன், நடுவே பணம், மேலே தொங்கும் விளக்கு. உங்களுக்குக் கிடைத்திருப்பது குனிந்த ஒரு தலை மட்டும்.

திரையில் ஓடும் ஆட்டத்தைக் காட்டாதீர்கள். அது பார்வையாளனையும் ஆடவைத்துவிடும். ஜெயிக்க மாட்டானா என்று அவனும் ஏங்க ஆரம்பித்தால் உங்கள் படம் விளம்பரமாகிவிடும். முகத்தைக் காட்டுங்கள். அதிலும் போன் வெளிச்சம் முகத்தில் நிறம் மாறுவதை மட்டும்.

பக்கத்து ஆட்களைக் காட்டுங்கள். குளியலறைக் கதவு முன்னால் காத்திருக்கும் மகள். தண்ணீர் விழும் சத்தமே இல்லாமல் அரைமணி நேரமாக மூடியிருக்கும் கதவு. சாப்பிடும்போது போனைக் குப்புற வைக்கிற கை. இதைச் சின்னதாக நினைக்காதீர்கள், குப்புற வைத்த போனை ஒரு மனைவி பார்க்கிற பார்வையில் பாதிக் கதை முடிந்துவிடும். சம்பளம் ஏறிய செய்தி வருகிறது. அதற்கு அடுத்த காட்சி சாயங்காலம். நடுவில் என்ன நடந்தது என்று காட்டவே வேண்டாம்.

மேஜையில் ஆடிய எங்களுக்கு ஒரு வசதி இருந்தது. விடிந்தால் ஆட்டம் கலையும். யாராவது ஒருவனுக்குத் தூக்கம் வரும், ஒருவனைத் தேடி வீட்டிலிருந்து ஆள் வரும், கையில் காசு தீர்ந்தால் எழுந்துதான் ஆக வேண்டும். வீட்டுக்கு நடக்கிற அந்தப் பத்து நிமிஷத்தில் குற்றவுணர்ச்சி என்று ஒன்று கூடவே நடந்து வரும். உங்கள் ஆளுக்கு அந்தப் பத்து நிமிஷம் கிடையாது. தோற்ற இடமும் படுக்கிற இடமும் ஒன்று. கடன் கொடுப்பவனும் அதே போனுக்குள் இருக்கிறான். இதைக் காட்சியாக்க முடிந்தால் எங்கள் காலத்துப் படங்கள் தொடாத இடத்தைத் தொடுவீர்கள்.

இன்னொன்று. அவனை ஒரே ஒரு தடவை ஜெயிக்கவிடுங்கள், அதை அவன் யாரிடமும் சொல்லாமல் இருக்கட்டும். 'மயிரிழையில் போச்சு' என்பதையும் சேருங்கள். மயிரிழையில் தவறும்போது, தோற்றிருந்தாலும், ஜெயித்தால் துடிக்கும் மூளைப் பகுதியில் கொஞ்சம் துடிக்கிறது என்று 2009இல் ஓர் ஆய்வில் கண்டார்கள். ஆய்வு வேண்டாம், என்னைக் கேட்டிருந்தாலே சொல்லியிருப்பேன். ஒரு சீட்டுக்காகக் காத்திருந்து தோற்ற ஆட்டம் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. ஜெயித்த ஆட்டம் ஒன்றுகூட ஞாபகம் இல்லை.

கேள்வி: சூதாடியவர்தான் சூதாட்டக் கதையை நன்றாக எழுத முடியுமா?

'கலிபோர்னியா ஸ்ப்ளிட்' எழுதிய ஜோசப் வால்ஷ் சூதாட்டத்தில் அடிபட்டவர். தஸ்தாயெவ்ஸ்கி கதை உங்களுக்கே தெரிந்திருக்கும். கடனில் மாட்டி, குறித்த தேதிக்குள் நாவல் தராவிட்டால் எழுத்துக்களின் உரிமையே பதிப்பாளருக்குப் போய்விடும் என்ற ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டு, 1866இல் 26 நாளில் 'சூதாடி'யை வாய்மொழியாகச் சொல்லி முடித்தார். சுருக்கெழுத்தில் எடுத்த அன்னாவையே மறுவருஷம் மணந்தார். இதோடு கதையை நிறுத்தினால் அழகாக இருக்கும். ஆனால் அத்தனை துல்லியமாக எழுதிய மனிதர், எழுதி முடித்த பிறகும் 1871 வரை ஆடினார். அன்னாவின் கல்யாண மோதிரமும் அடகுக்குப் போனது. அதனால் எழுதுவதால் தெளிவு வரும் என்று மட்டும் நினைக்க வேண்டாம். உங்கள் கேள்விக்குப் பதில்: ஹாஃப்மனின் முகத்தைப் பாருங்கள். கவனிக்கத் தெரிந்தால் போதும்.

கேள்வி: (பெயர் வேண்டாம் என்று ஒரு வாசகி) ஐயா, என் கணவருக்கும் இந்தப் பழக்கம் இருக்கிறது என்று சந்தேகப்படுகிறேன். வேண்டுமென்றே ஒரு சூதாட்டப் படத்தைப் போட்டுக் கூட உட்காரவைத்தேன். முடிந்ததும் "நிறுத்தத் தெரியாத முட்டாள்" என்று நாயகனைத் திட்டிவிட்டு எழுந்து போனார். இன்னும் நல்ல படமாக ஒன்று சொல்லுங்கள்.

அம்மா, படம் வேண்டாம். அந்தக் காலத்தில் நானும் அப்படித்தான் திட்டியிருப்பேன். ஒவ்வொரு சூதாடிக்கும் திரையில் தெரிகிறவன் வேறு ஆள், நிறுத்தத் தெரியாதவன். தனக்கு நிறுத்தத் தெரியும், விட்டதைப் பிடித்ததும் நிறுத்துவான்.

என் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். ஒரு நாள் கடன் கொடுத்தவர் வாசலுக்கே வந்துவிட்டார். அவர் போன பிறகு வீடு இரண்டுபடும் என்று காத்திருந்தேன். என் மனைவி பிள்ளையின் கணக்கு நோட்டை எடுத்துவந்து, பின்பக்கத்தைத் திறந்து, எதிரே உட்கார்ந்தாள். "யாருக்கெல்லாம் தரணும்? சொல்லுங்க." நாலு பேர் சொன்னேன். எழுதினாள். "இன்னும்?" என்றாள். ஒரு பெயர் சொன்னேன். "இன்னும்?" அன்று அந்த ஒரு வார்த்தையைத் தவிர அவள் வேறு பேசவில்லை. கடைசியில் பதினொரு பெயர். அதில் அவளுடைய அண்ணனும் இருந்தார். எந்தப் படத்திலும் இந்தக் காட்சியை நான் பார்த்ததில்லை. எடுத்தால் யாரும் பார்க்கவும் மாட்டார்கள், ஒரு நோட்டும் இரண்டு பேரும்தானே.

அவள் செய்த இன்னொரு காரியம், ஒரு கடனைக்கூட எனக்காக ரகசியமாக அடைக்கவில்லை. நகையை விற்று ஒரே நாளில் முடித்துவிடலாம் என்று நானே கெஞ்சினேன். மாட்டேன் என்றாள். அன்று கல்நெஞ்சு என்று நினைத்தேன். அடைத்திருந்தால் அது எனக்கு இன்னொரு ஜெயித்த இரவாகியிருக்கும். நீங்களும் கடனை மறைத்து அடைக்காதீர்கள். உங்கள் வருமானம் தனிக் கணக்கில் இருக்கட்டும். அவர் கொண்டுவரும் எந்தப் பத்திரத்திலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

இது நோய், மனநல மருத்துவரிடம் வைத்தியம் இருக்கிறது. 1957இல் லாஸ் ஏஞ்சல்ஸில் ஆரம்பித்த சூதாடிகள் உதவிக்குழுவின் கூட்டங்கள் பல நாடுகளில் நடக்கின்றன, இணையத்திலும் நடக்கின்றன. குடும்பத்தாருக்கென்றே தனிக் குழுவும் உண்டு. அவர் வராவிட்டால் நீங்கள் மட்டுமாவது போகலாம். ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். "நான் இல்லாவிட்டால் உங்களுக்கெல்லாம் நிம்மதி" என்கிற மாதிரி அவர் பேசினால் அதை மிரட்டல் என்று ஒதுக்காதீர்கள். அன்றே மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். நானும் ஒரு முறை அப்படிப் பேசினேன். பொய்யாகப் பேசவில்லை.

கேள்வி: இப்போதெல்லாம் சூதாட்டப் படங்களை நிம்மதியாகப் பார்க்க முடிகிறதா உங்களால்?

காட்சிகளால் ஒன்றும் ஆவதில்லை. சீட்டைக் கலைக்கும் சத்தம்தான். அது வந்தால் கை தானாகப் போய் ஒலியைக் குறைத்துவிடும். குறைத்த நொடியில் அடுத்த அறையிலிருந்து என் மனைவி கேட்பாள்: "என்ன, சீட்டா?"